காம்பு ஆடாத மண்வெட்டி

சுவானிரியின் மூத்த பிள்ளை பல் முளைக்கும் முன்பே செத்துப்போனான். அந்த வருஷத்து முதல் மழையின்போது அழ மட்டும் செய்தான். மறுவருஷத்து மழைக்கு ‘அம்மா’ என்றான். எங்கள் ஊர் அம்பதுமெனாவில் இதைக் கேட்காத காது கிடையாது. இசாலோ மலையின் சிவப்புப் பாறைக்குக் கீழே, ஓடைக்கரை மணலுக்குள்ளிருந்து ஏறிவந்த தவளைகளின் தொண்டையிலிருந்து அந்தக் குரல் வந்தது. வெள்ளைக்காரன் தலைவரி கேட்டு வருவதை நிறுத்தியிருந்த காலம். அந்த வருஷம் மரவள்ளி சுமாராக விளைந்தது. அக்கரை ஊர்க்காரர்கள் நம் மாட்டில் ஒரு மந்தையை ஓட்டிக்கொண்டு போனார்கள், நாம் அவர்கள் மாட்டில் ஒரு மந்தையை ஓட்டிக்கொண்டு வந்தோம். சுவானிரியின் பிள்ளை பேச ஆரம்பித்தான். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால் இதில் குழப்பம் ஒன்றுமில்லை.

பிள்ளை பிறந்தது வறண்ட காலத்தில். கொழுகொழுவென்று இருப்பான், சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். ஒரு காய்ச்சல் வந்தது, கொண்டுபோய்விட்டது. எங்கள் ஜனத்தில் பல் முளைக்காத பிள்ளை மனுஷக் கணக்கில் சேராது. நீர்ப்பிள்ளை என்போம், எலும்பு இன்னும் தண்ணீராகவே இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பெயர் வைப்பதில்லை. குன்றின் குகையில் முன்னோர்கள் பக்கத்தில் படுக்கவைப்பதில்லை. பெண்கள் மட்டும் எடுத்துப்போய் ஓடைக்கரை ஈரமணலில் புதைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உலை வைக்கவேண்டும். யாரும் அழக்கூடாது, அழுதால் அடுத்தது தங்காது. சுவானிரி அழவில்லை. பால் கட்டி மார்பு கல்லாகி, சுற்றியிருந்த துணி நனைந்துகொண்டே இருந்தது. அதை யாரும் அழுகை என்று சொல்லவில்லை, அதனால் விட்டுவிட்டார்கள்.

இனி மண்வெட்டிக்கு வருவோம். நீர்ப்பிள்ளையைப் புதைக்கிற மண்வெட்டிக்குக் காம்பு ஆடவேண்டும். இரும்பும் கட்டையும் இறுகப் பிடித்திருந்தால் செத்தவருக்கும் இருப்பவருக்கும் நடுவில் பிடி விடாது. அதனால் கிளம்பும்முன் ஆப்பைத் தட்டிக் கழற்றி, லொடலொடவென்று ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். சுவானிரியின் மதினி, அதாவது புருஷன் லம்புவின் அக்கா பராசுவா, அப்படித்தான் ஆப்பைக் கழற்றி மண்வெட்டியை வாசலில் சாத்திவிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்ட உள்ளே போனாள். வாசலில் லம்பு நின்றுகொண்டிருந்தான். அவன் கூடப் போகக்கூடாது, அழக்கூடாது. பொழுதன்னைக்கும் எதையாவது சரிசெய்துகொண்டிருக்கிற மனுஷன் அவன். அடுத்த வீட்டுக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால்கூட அவனுக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவன் கண்ணெதிரே ஒரு மண்வெட்டி ஆடிக்கொண்டு சாய்ந்திருந்தது. எடுத்தான். மாட்டுத்தோல் வாரை நனைத்து இரும்பின் கழுத்தில் இறுக்கிச் சுற்றினான். புது ஆப்பு சீவி இறக்கி, கல்லால் நாலு போடு போட்டான். அது எதற்காக அங்கே சாத்தியிருக்கிறது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பிறகு பல வருஷம் கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சொன்ன பதில் அதுதான். எங்களுக்கும் அதை நம்புவதில் கஷ்டம் இருக்கவில்லை. அழவும் கூடாது என்றால் ஒரு தகப்பன் தன் கையை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வான்? பராசுவா மண்வெட்டியை மறுபடி ஆட்டிப் பார்க்கவில்லை, கழற்றியவளே அவள்தானே. மணலில் இறக்கியபோது, “இன்னிக்கு நல்லா வெட்டுப்படுது” என்று மட்டும் சொன்னாள்.

அந்த மணலுக்குள் எங்கள் பக்கத்துத் தவளை வருஷம் முழுக்கக் கிடக்கும். பெருவிரல் நீளத்துக்கு உருண்டையாக இருக்கும். முதுகில் சிவப்பும் பச்சையும், ஓரமெல்லாம் கறுப்புக்கோடு. திருவிழாவுக்குத் துணி எடுத்து உடுத்தியதுபோல இருந்துகொண்டு மண்ணுக்குள் யாருக்குக் காட்டுகிறது என்று தெரியாது. பின்னங்குதிகாலில் ஆளுக்கு ஒரு சின்ன மண்வெட்டி உண்டு. பின்பக்கமாகவே தோண்டி இறங்கும், முகம் கடைசியில்தான் மறையும். முதல் பெருமழைக்கு மேலே வந்து சில நாள் கத்தும், சேரும், முட்டையிடும், திரும்ப இறங்கிவிடும். தேவைப்பட்டால் செங்குத்துப் பாறையிலும் ஏறும். அதன் மண்வெட்டிக்கு ஆட்டம் கிடையாது, காலோடு பிறந்தது. இதை யோசித்துப் பார்க்கவேண்டிய அவசியம் அதுவரை யாருக்கும் வரவில்லை.

அந்த வருஷம் முதல் மழை மத்தியானம் பெய்தது. தண்ணீருக்குப் போன பராசுவா குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். “அடியே, ஓடையில உன் புள்ள அழுவுதுடி!” சுவானிரி நெல் குத்திக்கொண்டிருந்தாள், உலக்கையைக் கீழே வைக்காமலே ஓடினாள். மணல் முழுக்கத் தவளை. ஒன்று ஆரம்பித்த அழுகையை இன்னொன்று வாங்கிக்கொண்டது, மூன்றாவது முடித்தது. பசித்தால் அவன் விட்டுவிட்டு விசும்புவானே, அந்த விசும்பல்கூட இருந்தது. அவளுக்கு மாதக்கணக்கில் வற்றிக்கிடந்த பால் சுரந்து மணலில் சொட்டியது. தவளைகள் அதைச் சுற்றிவந்து உட்கார்ந்தன. அழுகை நின்றது.

குலத்தலைவர் மஹதூகி ஒரு மாட்டை வெட்டி, ஆட்களைக் கூட்டி விசாரித்தார். லம்பு தலையைக் குனிந்துகொண்டு மண்வெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். பெரியவர் காம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. “ஏன்டா, ரிப்பேர் பண்றதுக்கு ஒனக்கு வேற நாளே கெடைக்கலையா?” என்றார். பிறகு, தோண்டி எடுத்து, காம்பு ஆடுகிற மண்வெட்டியால் முறைப்படி மறுபடி புதைத்துவிடலாம், பிடி விட்டுவிடும் என்று தீர்ப்புச் சொன்னார். ஆட்கள் ஓடைக்குப் போனபோது சுவானிரி அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். “தோண்டணும்னா என்னையும் சேத்துத் தோண்டுங்க மாமா” என்றாள். மழை பெய்துகொண்டிருந்தது. மஹதூகியும் கூட வந்திருந்தார். அவர் வீட்டிலும் நீர்ப்பிள்ளைகள் போயிருந்தன, எந்த வீட்டில்தான் போகவில்லை. “வருஷத்துல நாலு நாள் தவளை கத்துறதுக்கு ஊரே வந்து நிக்கணுமா? போய் வேலையப் பாருங்கடா” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதன்பின் சுவானிரி தன் வருஷத்தை மழையிலிருந்து மழைவரை கணக்கிட்டாள். குரல் வளர்ந்தது. அவளுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள், தங்கினார்கள். முதல் மழைக்கு மூன்று பேரும் சுரைக்குடுக்கையில் தயிர் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போவார்கள். அண்ணனும் தங்கைகளும் சண்டைகூடப் போடுவார்கள். லம்பு கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவான், கையில் எதையாவது முடைந்துகொண்டு. “அப்பா, மாடு மாடுங்கிறீங்களே, அது எம்மாம் பெருசு?” என்று தவளைகள் கேட்கும். “அந்தா தெரியுதே பாறை, அதுல பாதி.” “பாறைன்னா?” லம்பு முடைவதில் குனிந்துகொள்வான். வெயில் என்றால் என்ன, நிறம் என்றால் என்ன என்று எல்லாவற்றையும் சுவானிரிதான் சொல்லிக்கொடுப்பாள். “ஈரமா இருக்கிறது எல்லாம் நான், காஞ்சது எல்லாம் நீங்களா?” என்று மகன் ஒருமுறை கேட்டான். அவள் ஆமாம் என்றுவிட்டாள். ஊரில் முதல் சில வருஷம் கூட்டம் கூடியது, அப்புறம் பழகிவிட்டது. கிணற்றடியில் பெண்கள், “என்ன சுவானிரி, ஒம் மவன் இந்த வருஷமாச்சும் கன்னுக்குட்டி மேய்ப்பானா?” என்பார்கள். “ஒம் மவன் மேய்க்கிற லட்சணத்துக்கு எம் மவன் மண்ணுக்குள்ள இருக்கிறதே தேவல” என்பாள் அவள். இளவட்டங்களுக்கு வேறு யோசனை. மாடு திருடாதவனுக்குப் பெண் கொடுக்காத ஊர் இது; மண்ணுக்கடியிலேயே போய் அக்கரை மந்தையை ஓட்டிவர இவனைவிட்டால் ஆள் ஏது என்று பேசிச் சிரித்தார்கள்.

அவன் வயசுப் பையன்களுக்குப் பால்பல் விழுந்த வருஷம், ஒரு தவளை முதுகில் ஒரு பல்லோடு ஏறிவந்தது. அரிசி அளவு, வேரெல்லாம் கரைந்து விழுந்த பால்பல். சுவானிரி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குலத்தலைவர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். “பல்லே மொளைக்காத புள்ளைக்குப் பல்லு எப்படி மாமா விழும்? இப்ப அவன் மனுஷன்தானே? பேரு வைங்க.” மஹதூகி பல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நியாயம் அவள் பக்கம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பேர் என்பது குகைக்குப் போகிறவனுக்குத்தான். குகைக்குப் போகவேண்டுமென்றால் எலும்பை எடுக்கவேண்டும். எடுப்பது காம்பு ஆடுகிற மண்வெட்டியால்தான் நடக்கும், ஒருமுறை ஏமாந்தது போதும். “அப்புறம் பேச்சு கெடையாதும்மா. பேரு வேணுமா, குரல் வேணுமா? நீயே சொல்லு” என்றார். சுவானிரி பல்லைத் திரும்ப வாங்கித் துணி முனையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவனை அவள் அதுவரை ‘கண்ணு’ என்று கூப்பிட்டுவந்தாள், அதன்பிறகும் அப்படியே கூப்பிட்டாள்.

வருஷங்கள் போயின. பிராங்க் நோட்டில் படம் மாறியது, வெட்டுக்கிளி வந்து ஒரு வருஷம் எல்லாவற்றையும் தின்றது, பெண்கள் இருவரும் கல்யாணமாகித் தூரத்து ஊர்களுக்குப் போனார்கள். குரல் உடைந்து ஆண்குரலானது. தவளைக்குத் தவளை ஒருமாதிரி உடைந்ததில் அந்த வருஷம் பாதிப் பேச்சு புரியவில்லை, அம்மாவும் மகனும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். பிறகு ஒரு கோடையில், அடுத்தவன் வீட்டுக் கூரை ஒழுகும் என்று தானாகப் போய் ஏறிய லம்பு அங்கிருந்து விழுந்து செத்தான். அவனைக் குன்றின் கீழ்க்குகையில் வைத்துக் கல் அடுக்கினார்கள். உடம்பு உலர்ந்து எலும்பாக வருஷங்கள் ஆகும். அதன்பின் மேலே, முன்னோர்கள் இருக்கும் உயரத்துக்கு ஏற்றுவார்கள்.

அந்த மழைக்கு சுவானிரி தனியாகப் போனாள். தவளைகள் வந்ததும் முதலில் கேட்டது, “அப்பா வரலையா?” என்றுதான். அவன் செத்ததையும் குகையில் வைத்ததையும் அவள் சொன்னாள். பிறகு, “அங்க யாரெல்லாம் இருக்காங்க?” என்றான்.

“ஒங்க தாத்தா, அவங்கப்பா, சித்தப்பன்மாரு... எல்லாரும்தான்.”

“அவங்களுக்கு என்னைத் தெரியுமா?”

“எப்படிக் கண்ணு தெரியும்? பேரு சொன்னாத்தானே தெரியும்.”

“நீயும் அங்கதான் போவியா?”

“ஆமா.”

“அப்ப மழைக்கு நான் மேல வந்தா இங்க யாரும்மா இருப்பா?”

இதை அவள் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. தனக்குக் குரல் வேண்டும் என்று அவனை ஈரத்தில் போட்டுவைத்திருந்தாள், அவ்வளவுதான் அவள் செய்தது. பேரும் இல்லாமல், பக்கத்தில் ஒரு ஆளும் இல்லாமல், அவள் செத்த பிறகும் மழைக்கு மழை ஏறிவந்து வெறும் மணலில் அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பான். அவனே சமாதானம் சொன்னான். “சரி, விடும்மா. நான் வராம இருந்துக்கிறேன்.”

அன்றைக்கு அவள் முடிவெடுத்துவிட்டாள். லம்பு எலும்பாகும்வரை காத்திருந்தாள். அந்தச் சில மழைகளில் மகனோடு பேசிய அளவுக்கு அதற்கு முன் மொத்தமாகவும் பேசியிருக்கமாட்டாள். கடைசி மழையில், “வெயில் காலம் வந்ததும் ஒன்னை அப்பாகிட்ட கூட்டிட்டுப் போறேன் கண்ணு” என்றாள். “அங்கயும் பேசிக்கலாமா?” என்று கேட்டான். “பேசாம என்ன?” என்றாள் சுவானிரி. வாழ்க்கையில் அவள் அவனுக்குச் சொன்ன பொய் அது ஒன்றுதான். தவளைகள் பின்பக்கமாக மணலுக்குள் இறங்கின. ஒவ்வொன்றின் முகமும் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு எழுந்தாள்.

மஹதூகிக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது, கைபிடித்துக் கூட்டிவந்தார்கள். லம்புவின் எலும்பை மேலே ஏற்றுகிற நாளிலேயே இதையும் செய்வதாக ஏற்பாடு. மண்வெட்டி அதே மண்வெட்டி. வேறு வேண்டாம், கட்டிய முடிச்சை அதிலேதான் அவிழ்க்கவேண்டும் என்று பெரியவர் சொல்லிவிட்டார். சுவானிரியே ஆப்பைத் தட்டினாள். வரவில்லை. தோல்வார் இரும்போடு இரும்பாகியிருந்தது. இளவட்டங்கள் ஆளுக்கு ஒரு கை பார்த்துவிட்டு உதறினார்கள். அவள் வாரை அறுத்து, ஆப்பைச் செதுக்கிச் செதுக்கி எடுத்தாள். காலைப்பொழுது முழுக்க அதற்கே போயிற்று. “எவ்வளவு நல்லாப் போட்டிருக்கான் பாருங்க, பாவி மனுசன்” என்று சொல்லிவிட்டு அந்த ஆப்பை மடியில் வைத்துக்கொண்டாள். காம்பு ஆடியது. பராசுவா கிழவியாகிவிட்டாலும் விடவில்லை; அவளும் வாங்கி ஆட்டிப் பார்த்தாள், இரண்டாவது தடவையும் பார்த்தாள்.

சுவானிரி தோண்டினாள். கைக்குழந்தையைப் புதைத்த இடம் என்பதால் எலும்பைச் சுற்றக் கை அகலத்துக்கு ஒரு பட்டுத் துண்டுதான் நெய்து கொண்டுவந்திருந்தார்கள். மணலுக்குள் கால் எலும்பு வந்தது, போய்க்கொண்டே இருந்தது. குழியை நீட்டினார்கள், மறுபடியும் நீட்டினார்கள். கிடந்தது ஒரு முழு ஆள். வளர்ந்த, தோள் அகன்ற, பல் வரிசை முழுக்க இருக்கிற ஆண். அவனைச் சுற்றிலும் தவளைகள் உறக்கத்தில் ஒட்டிக்கிடந்தன. யாரும் அவற்றைக் கலைக்கவில்லை. மஹதூகி குனிந்து கையாலேயே நெடுக அளந்தார். “அப்பனைவிட வளத்தி ஜாஸ்தி” என்றார், மாட்டுச்சந்தையில் சொல்வதுபோல. துண்டு அவன் முகத்துக்குத்தான் போதும்போல இருந்தது. சுவானிரி தன் மேல்துணியை அவிழ்த்து விரித்தாள், பராசுவா தன்னுடையதைக் கொடுத்தாள். துணி முனையில் இத்தனை வருஷம் முடிந்துவைத்திருந்த பால்பல்லையும் உள்ளே வைத்தாள். குலத்தலைவர் முன்னோர்களைக் கூப்பிட்டு, இவன் நம் லம்புவின் மகன், பெயர் தஹிரி, இடம் கொடுங்கள் என்றார். பத்திரமாக வைத்திருந்தது என்று அந்தப் பெயருக்கு அர்த்தம்.

“இப்ப அழலாமா மாமா?” என்று சுவானிரி கேட்டாள்.

“அழும்மா. மனுசன்தானே போயிருக்கான்.”

அவள் அழுதாள். புதைத்த அன்று அழாததையும், அதன்பின் வந்த மழைகளையும், இனி வரப்போகிற மழைகளையும் சேர்த்து அழுதாள். இளவட்டங்கள் கயிறு கட்டி, தகப்பனையும் மகனையும் பாறையின் உச்சிக் குகைக்கு ஏற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கல் அடுக்கிவிட்டு இறங்கும்வரை அழுகை ஓயவில்லை. யாரும் அவளைத் தேற்றவும் இல்லை.

அடுத்த முதல் மழைக்கு, இல்லை என்று தெரிந்தும், அவள் தயிர்க்குடுக்கையோடு ஓடைக்குப் போனாள். தவளைகள் ஏறிவந்தன. கத்தின, தவளை கத்துகிற கத்தல்தான். “தஹிரி” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஆள் சத்தம் கேட்டால் தவளை அடங்குமே, அப்படி அடங்கிவிட்டு மறுபடி கத்தின. பிறகு அவை தண்ணீர்ப் பக்கம் போகாமல் திரும்பி, நனைந்த செம்பாறையில் ஏற ஆரம்பித்தன. ஒன்றிரண்டாக இல்லை, மணலில் இருந்த அத்தனையும். பாறை கொஞ்சநேரம் சிவப்பும் பச்சையுமாக அசைந்தது. உச்சிக் குகையின் கல் இடுக்குகளுக்குள் அவை நுழைவதைக் கீழேயிருந்து பார்த்தாள். உயிரோடு இருக்கிற பொம்பளை அங்கே ஏறக்கூடாது. “போங்க, நீங்களாச்சும் போய்ப் பாத்துட்டு வாங்க” என்றாள். அப்போதிலிருந்து வருஷாவருஷம் அவை அப்படித்தான் ஏறுகின்றன, முட்டையிடுவது மறுநாள்தான். ஊரில் அதை வேடிக்கை பார்க்க இப்போது யாரும் போவதில்லை.

அந்த மண்வெட்டியைக் கொண்டுதான் சுவானிரி கடைசிவரை மரவள்ளிக்குக் கொத்தினாள். ஆடுகிற காம்பை வைத்துக்கொண்டு கொத்துவது லேசான காரியமில்லை. இரும்பு ஒரு பக்கம் போகும், கட்டை ஒரு பக்கம் போகும். ஒருமுறை பார்க்கவந்த சின்ன மகள் அம்மாவின் உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டுச் சத்தம்போட்டாள். “கையெல்லாம் கொப்புளமா இருக்கேம்மா! ஒரு ஆப்பு வெச்சா ஆச்சு. குடு, நானே வைக்கிறேன்.” சுவானிரி மண்வெட்டியைக் கொடுக்கவில்லை.

“ஆடட்டும், விடு” என்றாள்.